தேங்காய் உடைத்த கம்ப்யூட்டர்

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் என்னை யாரும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதில்லை. "இவருதான் அந்தத் தேங்காய் மாமா" என்பார்கள். புதியவர் உடனே என் தலையைப் பார்ப்பார். வழுக்கைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை என்று விளக்க ஆரம்பித்தால் முடிப்பதற்குள் பந்தியில் பாயசம் தீர்ந்துவிடுகிறது. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் இனி இதைப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

எண்பதுகளின் கடைசி. நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். கல்யாணம் ஆகவில்லை. பாயான் பாருவில் அக்கா சரசு வீட்டில்தான் ஜாகை. அத்தான் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். அப்போது கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு இருந்த அறிவு கொஞ்சம், கருத்துகள் நிறைய. வரும் காலத்தில் வாத்தியார்களே தேவைப்படமாட்டார்கள் என்று கேண்டீனில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பேன். எதிரில் இருப்பவர்கள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போவார்கள். என் பேச்சின் ஆழம் அவர்களுக்கு எட்டவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த வரும் காலத்துக்குத்தான் கோமதி வந்து மாட்டினாள். அக்காவின் ஒரே மகள், தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு. வீட்டில் வாய் ஓயாது. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். கணக்குத் தாளில் விடை இருக்க வேண்டிய இடத்தில் பூ வரைந்து வைப்பாள். (நல்ல பூக்கள். ஓவியத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கலாம்.) வகுப்பு டீச்சர் போன வருஷத்திலிருந்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு எதுவும் ஏறவில்லை, முதல் தவணை விடுமுறைக்குப் பிறகு டவுனில் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு நடத்தும் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்கா அன்றைக்குச் சமைக்கவில்லை. தன் பிள்ளைக்கு இனி முத்திரை குத்திவிடுவார்கள் என்பது ஒரு பயம். தெரிந்த தோழிகளை விட்டுப் புதுப் பள்ளிக்குப் போனால் அங்கேயும் வாய் திறக்காமல் உட்கார்ந்து அப்படியே ஊமையாகிவிடுவாள் என்பது பெரிய பயம். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு விரதத்தை ஆரம்பித்துவிட்டாள். அத்தான் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த பஸ்ஸை மறுபடியும் கழுவினார்.

நான் நேரே பள்ளிக்குப் போய்ப் பெரிய டீச்சரைப் பார்த்தேன். தலைமையாசிரியையை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்து பினாங்கிலேயே தங்கிவிட்ட குடும்பம். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் பெற்றோர்களே கையைக் கட்டிக்கொள்வார்கள். நானும் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டபடியே, கம்ப்யூட்டர் மூலம் கோமதிக்கு நான் கணக்குச் சொல்லித்தருகிறேன், பெற்றோர் தினத்தன்று எல்லார் முன்னாலும் அவள் செய்து காட்டுவாள், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். எல்லார் முன்னாலும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. அது நானாகச் சேர்த்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, அன்றைக்குப் பார்ப்போம் என்றார்.

தைவானில் செய்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தவணையில் எடுத்தேன். பச்சை எழுத்துத் திரை. பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித்தரும் ஒரு டிஸ்க்கும் கிடைத்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக எழுதியது. திரையில் ஒரு கோழி உட்கார்ந்திருக்கும். கேள்வி வரும். விடை சரியானால் முட்டையிலிருந்து குஞ்சு வெளியே வந்து நடந்து போகும். தப்பானால் முட்டை விழுந்து உடையும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அது வேலை செய்தது. கோமதி குஞ்சுக்காக வாய்ப்பாட்டை உருப்போட்டாள். முதல் வாரமே ஆறாம் வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடு. அதோடு நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா விளக்கேற்ற வந்தாள். ஹாலில் சாமி மேடைக்கு நேர் கீழேதான் கம்ப்யூட்டர் மேசை. அந்த நேரம் பார்த்துக் கோமதி ஒரு தப்பு விடை அடித்தாள். முட்டை விழுந்து உடைந்தது.

அக்கா தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தம்பி, பூசம் முடியுற வரைக்கும் இந்த வீட்ல முட்டை உடையக் கூடாதுலா."

அது படம் அக்கா, வெறும் வெளிச்சப் புள்ளி என்று விளக்கினேன். படமாக இருந்தாலும் சாமிக்குக் கீழேதானே உடைகிறது என்றாள். கோழி வேறு உட்கார்ந்துகொண்டு முறைக்கிறதாம். விரதக்காரியோடு வாதம் செய்ய முடியாது. இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு டிஸ்க்கைத் திறந்து உள்ளே இருந்த நிரலை மாற்ற உட்கார்ந்தேன்.

தப்பு விடைக்கு முட்டையைவிடப் பொருத்தமான படம் உலகத்தில் இல்லை. தாளில் முட்டை வாங்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? அதைத்தான் நான் தூக்கினேன். பதிலுக்கு என்ன போடுவது என்று யோசித்தபோது, முட்டைக்கு மேலே ஒரு குடுமி வைத்தால் தேங்காய் ஆகிவிடும் என்பது தெரிந்தது. புதிதாக எதுவும் வரைய வேண்டாம். சோம்பேறித்தனம் எனக்கு அன்று ஞானோதயமாகத் தோன்றியது. குடுமி வைத்தேன். தேங்காய் விழும், உடையும், சில்லுகள் திரை முழுதும் சிதறும், "டொக்" என்று சத்தம் வரும்.

அதோடு நின்றேனா? பிள்ளை எவ்வளவு தூரம் தப்பாகச் சொல்கிறாள் என்பதை அவள் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று ஒரு கல்விக் கொள்கை எனக்குள் உதித்தது. விடைக்கும் அவள் அடித்ததற்கும் எத்தனை வித்தியாசமோ அத்தனை தேங்காய். ஒன்று தப்பினால் ஒரு தேங்காய். பத்து தப்பினால் பத்து. கோமதி விளையாட்டாக எதையாவது தட்டி நிறுத்திவிடுகிறாள் என்று, நடுவில் நிறுத்தும் விசைகளையும் வேலை செய்யாதபடி அடைத்தேன். இவ்வளவும் செய்து முடித்தபோது கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. கோழியும் குஞ்சும் போயின. சரியான விடைக்கு என்ன செய்வது? மூலையில் ஒரு சின்ன டிக் அடையாளம் வருமாறு வைத்தேன். சத்தமெல்லாம் கிடையாது. எறும்பு அளவு டிக்.

இப்போது படிக்கிறவர்களுக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நான் நிபுணன்.

பூசம் வந்தது. பினாங்குத் தைப்பூசத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் மலை மலையாகக் குவிந்திருக்கும். தமிழர்கள் ஒரு குவியல் உடைத்தால் சீனர்கள் இரண்டு குவியல் உடைப்பார்கள். தெரு முழுக்கத் தண்ணீரும் சில்லும். அக்கா பால்குடம் எடுத்தாள். அத்தான் மகள் பெயரில் சிதறுகாய் உடைத்தார். கோமதி தனக்கும் ஒன்று வேண்டும் என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். காலில் போட்டுக்கொள்வாய், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வீடு வரும் வரை அழுதாள். வந்ததும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அடடா, படிப்பில் என்ன அக்கறை என்று நான் உருகினேன்.

அதற்குப் பிறகு எனக்கு நைட் ஷிப்ட். பகலெல்லாம் அறைக்குள் தூங்குவேன். அக்கா, தம்பி தூக்கம் கெட வேண்டாம் என்று கம்ப்யூட்டரின் சத்தத்துக்கு மேல் ஒரு தலையணையைப் போட்டு அமுக்கி வைத்திருந்தாள். மாலையில் எழுந்ததும் எப்படிப் போகிறது என்று கேட்பேன். "பிள்ளை நல்லா போடுதுடா" என்பாள். மேல்மாடி வீட்டுப் பிள்ளைகள்கூட வந்து பார்க்கிறார்களாம், ஹாலில் ஒரே கொண்டாட்டமாம். எதை வைத்து நல்லா போடுகிறாள் என்று சொல்கிறாய் என நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பெற்றோர் தினத்தன்று கம்ப்யூட்டரை அத்தான் தன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்குத் தனி சீட். நான் நின்றுகொண்டு வந்தேன். பள்ளி மண்டபத்தில் நல்ல கூட்டம். முன்வரிசையில் பெரிய டீச்சர். பக்கத்தில் சிறப்பு விருந்தினர், டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த சீன முதலாளி. தவுக்கே என்று கூப்பிடுவோம். மண்டபத்து மின்விசிறிகள் எல்லாம் அவர் கொடுத்தவை. அக்கா மூன்றாவது வரிசையில், புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை மகள்மேல் இல்லை, பெரிய டீச்சர் முகத்தின்மேலேயே இருந்தது.

நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். வருங்காலம், விஞ்ஞானம், சமுதாயம் என்ற சொற்கள் அதில் அடிக்கடி வந்தன. பிறகு கோமதியை நாற்காலியில் உட்காரவைத்து, திரை தெரியும்படி கொஞ்சம் நெருங்கி வாருங்கள் என்று பெற்றோரை அழைத்தேன். வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

முதல் கேள்வி, ஆறு நான்கு. கோமதி கொஞ்சமும் தயங்காமல் இருபத்தைந்து என்று அடித்தாள்.

தேங்காய் விழுந்து உடைந்தது. டொக்.

மண்டபம் கை தட்டியது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பதட்டத்தில் பிள்ளை ஒன்று தவறிவிட்டாள் என்று நினைத்தேன். கை தட்டல் ஏன் என்று புரியவில்லை. அடுத்து ஏழு எட்டு. ஐம்பத்தெட்டு என்று அடித்தாள். இரண்டு தேங்காய். முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். தவுக்கே நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டி என் முதுகில் தட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேங்காய் உடைந்தால் காரியம் ஜெயம். இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காயைப் பார்த்த கண்ணுக்கு எண் தெரியவில்லை. பூசத்துக்குப் பூசம் என் கண்ணால் பார்த்ததுதான். அதைக் கொண்டுபோய்த் தப்பு விடைக்கு வைத்த ஒரே தமிழன் நான்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் என்ன செய்வான்? ஐயா, அம்மா, தயவுசெய்து கை தட்டாதீர்கள், பிள்ளை தப்பாகச் சொல்கிறாள் என்று சொல்வான். சொன்னால் கோமதி அடுத்த மாதம் வேறு பள்ளி. அக்கா முகம் அப்போதுதான் முதல் தடவையாக மலர்ந்திருந்தது. நான் இரண்டு கையையும் கூப்பிக் கை தட்டலை ஏற்றுக்கொண்டேன்.

ஒரே ஒருவர் கை தட்டவில்லை. பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கூப்பிய கையை இறக்கிவிட்டுக் கோமதியின் காதருகே குனிந்தேன். "கண்ணு, எல்லாரும் பாக்குறாங்க. ஒழுங்கா, நல்லா போடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் பளபளவென்று இருந்தது. "பெருசாவே போடவா மாமா?"

தலையாட்டினேன்.

ஒன்பது மூன்று என்று கேள்வி நின்றது. கோமதி ஒரே விரலால் நான்கு தடவை ஒன்பதைத் தட்டினாள்.

முதல் தேங்காய் உடைந்தது. இரண்டாவது உடைந்தது. பத்தாவது உடைந்தபோது பின்வரிசைப் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. விளக்கு வைக்கும் நேரம் வந்தாலும் முடியாது. நிறுத்தும் விசையைத் தட்டினேன். அடைத்த புண்ணியவான் நான்தானே. மற்ற விசைகளையெல்லாம் தட்டினேன். டொக், டொக் என்று அது பாட்டுக்கு உடைத்துக்கொண்டிருந்தது.

பின்பக்கம் கையை விட்டு மின்சாரத்தை நிறுத்தப் போனேன். தவுக்கே என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜாங்கான், ஜாங்கான்" என்று மலாயில் தடுத்தார். அவர் ஒவ்வொரு பூசத்துக்கும் லாரியில் தேங்காய் இறக்கி உடைக்கிறவராம். ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தினால் வியாபாரத்துக்கு ஆகாதாம். அவர் மட்டுமா? பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, "நேந்துகிட்டு உடைக்கிறத நடுவுல நிறுத்தாதீங்க தம்பி" என்றார். யார் எப்போது நேர்ந்துகொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பெற்றோர் சங்கத் தலைவரும், ஓரமா அது பாட்டுக்கு இருக்கட்டுமே, நாம நிகழ்ச்சியைத் தொடரலாம் என்று சமரசம் செய்தார்.

நிகழ்ச்சி தொடர்ந்தது. கோலாட்டக் குழு மேடைக்கு வந்தது. அவர்களுடைய பாட்டுக்கும் என் கம்ப்யூட்டருக்கும் தாளம் சேரவில்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரம் திணறிவிட்டுக் கம்ப்யூட்டரின் தாளத்துக்கே ஆட ஆரம்பித்தார்கள். பெற்றோர் சங்கத் தலைவரின் உரையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு டொக் விழுந்தது. பிறகு வாக்கியத்தை முடித்துவிட்டு அவரே அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். நான் மேசை அருகிலேயே நின்றேன். கோமதி நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, இவ்வளவு பெரிய வேடிக்கையைத் தானே செய்ததாகப் பெருமையோடு உட்கார்ந்திருந்தாள்.

பெரிய டீச்சர் எழுந்து எங்களிடம் வந்தார். மூன்றாவது வரிசையில் அக்காவும் எழுந்துவிட்டாள். இதோ முடிந்தது என்று நினைத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது என்று எழுதினால் மிகையாக இருக்கும். டொக் சத்தத்தில் அது கேட்கவில்லை.

டீச்சர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கோமதியின் உயரத்துக்குக் குனிந்து, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார். "ஏழெட்டு எவ்வளவு பிள்ளை?"

"அம்பத்தாறு டீச்சர்."

"பிறகு ஏன் அம்பத்தெட்டு எண்டு அடிச்சனீ?"

கோமதி அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "அம்பத்தாறு அடிச்சா ஒண்ணுமே நடக்காது டீச்சர். ரெண்டு கூட்டி அடிச்சாதான் ரெண்டு தேங்காய் உடையும்."

டீச்சர் நிமிரவில்லை. ஆறு நான்கு கேட்டார். எட்டு ஒன்பது கேட்டார். தலைகீழாக ஒன்பது எட்டு கேட்டார். கோமதி டக்டக்கென்று சொன்னாள். சொல்லிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கூட்டினால் எத்தனை உடையும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். தப்பான விடை சொல்வதற்காகவே அந்தப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் சரியான விடையைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு வருஷமாக வகுப்பில் ஒரு சொல் பேசாதவள், கூட்டத்துக்கு நடுவில் தலைமையாசிரியைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வகுப்பில் அவள் சரியாகச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். ஒன்றும் நடந்திருக்காது. எறும்பு அளவு ஒரு டிக்.

அந்த நேரத்தில் கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. ஒரு நீளமான டொக், அதோடு திரை இருண்டது. பின்வரிசைப் பிள்ளைகளின் கணக்குப்படி ஆயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. தவுக்கே புகையைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பெரிய டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, பிள்ளை எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், நாளையிலிருந்து கணக்குப் பாடத்துக்கு என் மேசைப் பக்கத்தில் உட்காரட்டும் என்றார். அக்கா அங்கேயே நின்று அழுதுவிட்டாள். பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக்குக் கணக்கு வடிவா வருது, தம்பி. உமக்குத்தான் வரேல்லை."

கம்ப்யூட்டர் பிழைக்கவில்லை. தவணை மட்டும் உயிரோடு இருந்தது. வாத்தியார்கள் தேவைப்படமாட்டார்கள் என்று அதன் பிறகு நான் கேண்டீனில் பேசவில்லை. வேறு மேசைக்குப் போனவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள்.

கோமதி பெரிய கணித மேதையாகிவிட்டாள் என்று முடித்தால் எனக்கு நன்றாக இருக்கும். ஆகவில்லை. நடுத்தரமாகப் படித்தாள், நன்றாகப் பேசினாள். இன்று பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், தப்பாக வரும் மின்சுற்றுப் பலகைகளைக் கண்டுபிடித்து ஒதுக்கும் பிரிவுக்குத் தலைவி. தப்புக்குச் சம்பளம் வாங்குகிறவள் எங்கள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். அத்தானுக்கு வயதாகிவிட்டது. இருந்தாலும் வீட்டில் யாராவது தேங்காய் துருவினால் என்னைப் பார்த்து அவர் கேட்காமல் இருப்பதில்லை: "பத்தாயிரம் தேங்காய் உடைக்க உக்காந்தியே மச்சான், சட்னிக்கு ஒரு சில்லு தேறுச்சா?"

போன பூசத்துக்கு எல்லாரும் கூடியிருந்தோம். கோமதியின் மகன் கையகலத் திரையில் வாய்ப்பாடு விளையாடிக்கொண்டிருந்தான். சரியான விடைக்கு நட்சத்திரம் கொட்டுகிறது, மேளம் அடிக்கிறது, ஒரு யானை வந்து ஆடுகிறது. தப்பு விடைக்கு ஒன்றும் இல்லை, கேள்வி அமைதியாக மறுபடி வருகிறது. நானும் கோமதியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாமி மேடைக்கு முன்னால் அக்கா திரியைத் திரித்துக்கொண்டிருந்தாள்.

"இத எழுதுனவருக்கு விரதம் இருக்குற அக்கா யாரும் இல்ல போல, மாமா" என்றாள் கோமதி.